என் முகத்தை ஒளித்து வைத்த ஏழு மாதங்கள்

எங்கள் வயதுக்காரருக்கு முழுவியளம் என்றால் விளக்கம் வேண்டாம். பேரப்பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு வரி: வீட்டை விட்டு வெளிக்கிடும்போது முதலில் எதிர்ப்படுகிற முகம்தான் முழுவியளம். நல்ல முகமென்றால் போகிற காரியம் சரிவரும். கூடாத முகமென்றால் திரும்பி வந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போக வேண்டும். கலியாணம் பேசப் போகிறவரும் சோதனை எழுதப் போகிறவரும் கடலுக்குப் போகிறவரும் இதைப் பார்த்துத்தான் படலையைத் திறந்தார்கள். உங்களில் பலர் சின்ன வயதில் யாருக்காவது நல்ல முழுவியளமாகப் படலையடியில் நின்றிருப்பீர்கள். வந்து நில் என்று கேட்பதே ஒரு மரியாதை.

நான் கூடாத முகமாக இருந்தவள். பத்து வயதில், ஏழு மாதம்.

இதை நான் இதுவரை யாருக்கும் விவரமாகச் சொன்னதில்லை. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்கிற பழக்கம் எனக்கு இன்றைக்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்தும் பெரிதாக வராது. ஆனாலும் அந்த ஏழு மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போது அழுகை வருவதில்லை. பெருமையாக இருக்கிறது. அந்தச் சின்னப் பெட்டையை எங்கேயாவது வழியில் கண்டால் கையைப் பிடித்து, நீ கெட்டிக்காரி என்று சொல்லவேண்டும் போலிருக்கும்.

எங்கள் வீடு வடமராட்சியின் வடக்குக் கரையில். படலையைத் திறந்து பூவரச வேலி ஓரமாக நடந்தால் கடல் இருநூறு அடிக்குள். ஐயா ஒரு வள்ளத்துக்குத் தண்டையல். தண்டையல் என்றால் வள்ளத்தை நடத்துகிறவர். பாயும் கயிறும் சுக்கானும் அவர் பொறுப்பு. அவரோடு இரண்டு பேர் போவார்கள், ஒருவர் வயதானவர், மற்றவர் இளந்தாரி. விடியப் புறம் தரைக்காற்றில் போய், மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்றில் திரும்புவார்கள். வள்ளம் கரைக்கு வருகிற நேரம் எங்களுக்கு மணிக்கூடு தேவையில்லை. காற்று மாறிக் கூரைக் கிடுகு சலசலக்கும். அம்மா உலையை வைப்பா.

அது கார்த்திகை மாதம். வாடைக் காற்று முழுதாகப் பிடிக்கவில்லை. அன்று விடிய ஐயா சாப்பாட்டு உமலை மறந்து வைத்துவிட்டுப் போனார். பனையோலையில் இழைத்த சின்னப் பை; உள்ளே பழஞ்சோற்று உருண்டையும் கருவாட்டுப் பொரியலும். நான் அப்போதுதான் பாயை விட்டு எழும்பியவள். உமலைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் படலையில் நின்று, "ஐயா" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். என் கோலத்தைக் கண்டு சிரித்தார். உமலை வாங்கிக்கொண்டு போனார். நடந்தது அவ்வளவுதான்.

மத்தியானத்துக்கு முன்னமே அவரைப் பாயில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாயைக் கட்டி மேலே ஏற்றுகிற குறுக்குமரத்தை நாங்கள் பருமல் என்போம். அதைத் தூக்கிப் பிடிக்கிற கயிறு அறுந்து, பருமல் நேரே விழுந்து ஐயாவின் வலத் தொடையை முறித்துவிட்டது. கயிறு அறுந்தது என்று கூடப்போனவர்கள் முற்றத்தில் நின்று இரண்டு மூன்று தடவை சொன்னார்கள். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஆனால் கயிற்றைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பக்கத்து வளவில் இருந்த மாமி, ஐயாவின் தமக்கை, ஓடி வந்தா. அழுது முடிந்ததும் அவ கேட்ட முதல் கேள்வி:

"போகேக்கை ஆரின்ரை முகத்திலை முழிச்சவன்?"

அம்மாவுக்குப் பொய் வராது. "இவள்தான் பின்னாலை ஓடிப்போய்க் கூப்பிட்டவள்" என்றா.

மாமி திரும்பி என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போல இருந்தது.

"தலையும் இழுக்காமலோ?"

நான் கலைந்து கிடந்த தலையைத் தடவிப் பார்த்தேன். சீப்பால் இழுக்கவில்லை.

மாமியைக் கெட்டவ என்று நினைக்காதீர்கள். ஐயா படுத்துக் கிடந்த காலம் முழுக்க எங்கள் அடுப்பு எரிந்தது அவவால்தான். என்னை மடியில் வைத்து, "இது உன்ரை குற்றமில்லைக் குஞ்சு, உன்ரை கிரகம்" என்று சொன்னதும் அவதான். உப்பும் செத்தல் மிளகாயும் என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டு நாவூறு கழித்தா. கையில் நூல் கட்டினா. பிறகு ஒரு ஒழுங்கு சொன்னா: யாராவது வெளிக்கிடுகிற சத்தம் கேட்டால் நான் அடுப்படிக் குசினிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும், காலடிச் சத்தம் வேலியோர ஒழுங்கைப் பாதையில் மறையும் மட்டும் வெளியே வரக்கூடாது. கிரகம் மாறியதும் எல்லாம் சரியாகும் என்றா. எப்போது மாறும் என்று சொல்லவில்லை.

பெரியவர்கள் ஒரு அளவோடுதான் சொல்வார்கள். பிள்ளைகள் அதை அளவில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். மாமி சொன்னது வெளிக்கிடுகிற நேரத்துக்கு மட்டும். நான் அதை நாள் முழுக்க எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சோதனை என்றால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்க்க மாட்டேன். பூனை குட்டி போட்ட இடத்துக்குப் போக மாட்டேன். சின்னப் பிள்ளையை ஏந்தச் சொன்னால் கை ஈரம் என்பேன். சிலேட்டைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு நடந்து நடந்து கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே போனது.

எங்கள் வீட்டில் தகரச் சட்டம் போட்ட வட்டக் கண்ணாடி ஒன்று இருந்தது. ஒரு மூலையில் ரசம் போய்ப் புள்ளி விழுந்திருக்கும். குசினியின் கப்புமரத்தில் ஆணியில் தொங்கும். கதவுக்குப் பின்னால் நிற்கிற நேரமெல்லாம் நான் அதற்குள்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எது கூடாது என்று தேடினேன். மூக்கா? அம்மாவின் மூக்கு. நெற்றியா? ஐயாவின் நெற்றி. இடப்பக்கப் புருவத்தில் ஒரு சுழி இருந்தது. அதுதான் என்று முடிவு செய்து, எச்சில் தொட்டு அதைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கினேன். அந்தக் கண்ணாடி பிறகு வந்த இடப்பெயர்வுகளில் எங்கே போனதென்று தெரியாது. வேறு எத்தனையோ பெரிய சாமான்கள் போனபோது அதை யார் தேடினார்கள்.

என்னைப் பார்த்த பெரியவர்கள் ஆளுக்கொரு முடிவுக்கு வந்தார்கள். அம்மா வயிற்றில் பூச்சி என்று நினைத்தா. சனிக்கிழமை தோறும் ஆமணக்கெண்ணெய். எங்கள் கணக்கு வாத்தியார் எனக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்தார். நான் கரும்பலகையைப் பார்க்காமல் குனிந்தே இருந்தால் வேறு என்ன நினைப்பார். என்னை முன்வரிசையில் முதல் வாங்கில் கொண்டுபோய் இருத்தினார். ஒருவருக்கும் படாமல் இருக்க நினைத்த முகத்தை எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்த புண்ணியவான்.

எல்லாவற்றிலும் பாரமானது ஐயாவின் அறை. முறிவு வைத்தியர் மூங்கில் சிலாகை வைத்துக் கட்டி, பச்சிலையும் முட்டை வெள்ளையும் அரைத்துப் புக்கை போட்டிருந்தார். நல்லெண்ணெயும் வியர்வையும் வாடிய இலையும் சேர்ந்த மணம் வீடு முழுக்க நின்றது. கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நான் வாசலில் இருந்தபடி கோப்பையை நிலத்தோடு தள்ளிவிட்டு ஓடிவிடுவேன். முதலில் அவர் "பிள்ளை, இஞ்சை வா" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. கடல் எங்கே, வீடு எங்கே. அவ்வளவு தூரத்திலிருந்தே காலை முறித்த முகம், கிட்டப் போனால் இன்னும் என்ன செய்யுமோ என்று பயம். சில கிழமைக்குப் பிறகு அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். நான் வருகிற சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். ஐயாவும் என் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கியது. அப்படித்தான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு நான் சாப்பிடுவதும் குறைந்துபோனது. நான் இல்லாமல் போனால் இந்த வீடு சுகமாக இருக்கும் என்று பத்து வயதில் ஒரு பிள்ளை நினைப்பதற்கு, அவளை யாரும் அடிக்கவோ ஏசவோ தேவையில்லை.

என் இந்தப் பயம் தெரிந்தவள் ஒரே ஒருத்தி. கடைசி வாங்கில் இருந்த என் தோழி. எங்கள் ஒழுங்கைக்காரி, வாய் ஓயாதவள். மாசி மாதம் ஒருநாள் பள்ளிக்கூடக் கிணற்றடியில் வைத்து என் சிலேட்டைப் பறித்துக்கொண்டு, ஏன் இப்படித் திரிகிறாய் என்று நெருக்கினாள். நான் அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பரிதாபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். புதையலைக் கண்டவள் பார்ப்பது போல.

"மெய்யேடி? அவ்வளவு சக்தியோ?" என்றாள். "அப்ப கணக்கு வாத்தியாருக்கு முன்னாலை போய் நில்லன்."

வெள்ளிக்கிழமை எங்களுக்கு மனக்கணக்கு. பிழை ஒன்றுக்கு அடி ஒன்று. என் தோழியின் உள்ளங்கை வெள்ளி பின்னேரங்களில் செம்பரத்தம்பூ நிறத்தில் இருக்கும். வாத்தியார் வட்டுக்கோட்டைப் பக்கத்தவர். கிழமை நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் தங்கி, பச்சைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் வருவார். வெளிக்கிடும்போது அவருடைய படலையில் நான் நின்றால் போதும், வாத்தியார் வரமாட்டார், கணக்கும் இல்லை, அடியும் இல்லை என்பது அவள் திட்டம்.

நான் மாட்டேன் என்று நின்றேன். அவருக்குக் கால் முறிந்தால்? தோழி கொஞ்சம் யோசித்து இறங்கி வந்தாள். கால் வேண்டாம், கை வேண்டாம், சைக்கிளுக்குக் காற்றுப் போனால் காணும், அதுவே போதும் என்றாள். முகத்துக்கு எப்படி அந்த அளவு தெரியும் என்று கேட்டேன். மனதுக்குள் "காத்து மட்டும், காத்து மட்டும்" என்று சொல்லிக்கொண்டு நில் என்றாள். பிள்ளையாரிடமும் அப்படியே சொல்லி வைத்தோம்.

வெள்ளிக்கிழமை விடிய நான் தலை இழுக்காமல் போய் நின்றேன். வாத்தியார் காற்சட்டைக் காலைக் கொளுவியால் இறுக்கிக்கொண்டு சைக்கிளை உருட்டி வந்தார். என்னைக் கண்டார். தலையை ஆட்டிவிட்டு ஏறிப் போனார். பின்னாலிருந்து கூப்பிட வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சேர்!"

அவர் காலை ஊன்றித் திரும்பினார். "என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை சேர்."

நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போனபோது சைக்கிள் வேம்பில் சாத்தியிருந்தது. தோழி இரண்டு சில்லையும் அமத்திப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள். அன்று அவளுக்கு ஆறு அடி.

ஒரு நாள் போதாது என்றாள். முகம் பழக்கமில்லாமல் இருந்திருக்கும். அடுத்த கிழமை ஐந்து நாளும் நின்றேன். பிறகு வெறும் வாளியோடு நின்றேன். பிறகு இடப் பக்கத்தால் குறுக்கே போனேன். இருமிக்கொண்டு நின்றேன். அதற்குமேல் எங்கள் ஊரில் கூடாத சகுனம் இருந்ததாக எனக்குத் தெரியாது. வாத்தியார் ஒரு நாளும் பிந்தவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை. மாறாக நாளுக்கு நாள் முகம் தெளிந்துகொண்டு வந்தது. காலையில் என்னைக் கண்டதும், "நேரத்தோடை எழும்புற பிள்ளை" என்பார். எனக்குக் கரும்பலகை வெண்கட்டிப் பெட்டி தூக்குகிற பதவியும் தந்தார்.

மூன்றாம் கிழமை, திங்கட்கிழமை, ஊருக்குப் போய் வந்த அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது கையில் ஒரு பை. கற்கண்டு. கலியாணம் முடித்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவருக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. எல்லோருக்கும் கொடுத்தார். என்னிடம் வந்தபோது பெரிய கட்டியாகத் தேடி எடுத்தார். "விடியவிடிய எனக்கு முன்னாலை வந்து மரியாதையாய் நிக்கிற பிள்ளை" என்று வகுப்புக்குச் சொன்னார். என் தோழி வாங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

இடைவேளையில் கிணற்றடியில் வைத்துத் தண்ணீரைக் குடித்துக் குடித்து அவள் தீர்ப்புச் சொன்னாள்.

"உன்ரை முகம் உதவாதடி. ஒண்டுக்கும் உதவாது."

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். அந்த அளவுக்குச் சந்தோசம் தந்த வார்த்தை வேறொன்றில்லை. நான் கற்கண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத என் முகத்தைக் கிணற்றுத் தண்ணீரில் எட்டிப் பார்த்தேன்.

அதோடு எல்லாம் சரியானது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு நினைப்பு மனதில் வேர் விட்டால், ஒரு பக்கத்தால் பிடுங்க மறுபக்கத்தால் துளிர்க்கும். அன்று பின்னேரம் வீட்டுப் படலையைத் தொட்டதும் எனக்குப் புதுச் சந்தேகம் வந்தது. என் முகம் பிறத்தியாருக்கு ஒன்றும் செய்யாது, சொந்தக்காரருக்கு மட்டும் செய்யுமோ? தோழியிடம் கேட்டேன். அவள், அதை அறிய ஒரே வழிதான், நீ போய் உங்கள் ஐயாவிடம் கேள் என்றாள். அவளுக்கு அது லேசு. எனக்கு அந்த வாசல்படியைத் தாண்ட இன்னும் எட்டு நாள் பிடித்தது.

எட்டாம் நாள் அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தா. ஐயா கட்டிலில் எழும்பி இருந்து கைத்தடியை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்த்து ஒரு மாதம். கால் மெலிந்து வெளிறி, முழங்காலுக்கு மேலே கொஞ்சம் வளைந்திருந்தது. நான் கோப்பையோடு உள்ளே போனேன். நிலத்தில் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு அவருக்கு நேரே நின்றேன். கஞ்சி விளிம்பால் வழிந்தது.

"ஐயா, என்னைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். "நான் பாக்கிறன். நீயெல்லே என்னைப் பாக்காமல் விட்டனி."

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் காலைத் தடவிக்கொண்டே சொன்னார். இந்தக் காலைக் கண்டு நான் அருவருத்துவிட்டேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். பெற்ற பிள்ளையே கிட்ட வராத கோலத்தில் கிடக்கிறேனே என்று, நான் வரும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக் காலை ஒளித்தாராம்.

ஒரு வீட்டுக்குள், இரண்டு அறை தள்ளி, அவர் தன் காலை ஒளித்துக்கொண்டு, நான் என் முகத்தை ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். உமல், தலை, மாமியின் நூல், கதவு, கண்ணாடி, வாத்தியாரின் சைக்கிள். சைக்கிள் கதையில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. கைத்தடியைத் தூக்கிக் கூரை வளையைக் காட்டினார். அங்கே ஒரு புதுக் கயிறு, சுருள் பிரிக்காமல், தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை மாதமும் அந்த அறைக்குள் நான் தலை நிமிர்த்தியிருந்தால் அதைக் கண்டிருப்பேன்.

"அது ஐப்பசியிலை வாங்கினது" என்றார். "பழைய கயிறு உக்கிப்போச்செண்டு எனக்கு முதல் நாளே தெரியும் பிள்ளை. கையாலை தடவிப் பாத்தனான். இன்னும் ரண்டு நாள் தாங்கும், வள்ளத்தைக் கரையிலை ஏத்தேக்கை மாத்துவம் எண்டு விட்டிட்டன்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

இந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம். அந்தக் காலத்தில் தகப்பனிடம் அப்படி யார் கேட்டார்கள்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "கயிறு பாக்கத் தெரியாத தண்டையல் எண்டு கரையிலை சிரிப்பினம். மாமி முழுவியளம் எண்டு தொடங்கினா. நான் நோவிலை கிடந்தன். பிறகு கேள்விப்பட்டும் பேசாமல் இருந்திட்டன். சின்னப் பிள்ளைதானே, மறந்திடும் எண்டு நினைச்சன்." ஒரு மூச்சு விட்டார். "என்ரை பேரைக் காப்பாத்த உன்ரை முகத்தைக் குடுத்திட்டன்."

நான் கோப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டு அழுதேன். அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. அழுது முடிந்ததும் பசித்தது. அவருடைய கஞ்சியில் பாதியை நான்தான் குடித்தேன்.

இப்போது நான் அன்றைய ஐயாவைவிட வயது கூடியவள். அவர் செய்தது பிழை, சின்னப் பிழையுமில்லை. ஆனால் ஒரு தகப்பன் பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் தன் பிழையைச் சொல்லி நான் வேறு எங்கும் கண்டதில்லை. கேட்டதுமில்லை. அதனால் அவரைப் பற்றியும் எனக்குப் பெருமைதான்.

வைகாசியில் சோளகக் காற்று நன்றாக எழும்பி, எங்கள் பக்கத்துக் கடல் அலை அடங்கிப் படிந்தது. ஐயா கைத்தடியோடு கரைவரை நடந்தார். புதுக் கயிறு ஏறியது. ஆனி பிறந்ததும் கடலுக்குப் போவது என்று முடிவானது. மாமி தன்பாட்டில் ஒழுங்குகள் செய்தா. மேற்கு ஒழுங்கையில் புதிதாகக் கலியாணம் முடித்த பெண்ணொன்று நிறைகுடத்தோடு எதிரே வருவதாகப் பேசி வைத்திருந்தா. முதல்நாள் பின்னேரம் வந்து அதைச் சொன்னபோது ஐயா வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் அக்கா. என்ரை பிள்ளை நிப்பாள்."

"தம்பி, விளையாடாதை. அஞ்சாறு மாசம் பட்டது காணாதே?"

ஐயா ஈயத்தைக் கீழே வைத்தார். கூடப்போகிற இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். "கயிறு உக்கினது. எனக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் போனனான். இவளின்ரை முகத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை."

இளந்தாரி கடலைப் பார்த்தார். வயதானவர், "சரி, சரி, நடந்தது நடந்திட்டுது" என்று இழுத்தார். மாமி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. "அப்ப இந்தப் பிள்ளையை நான்..." என்று தொடங்கினா. என் கையில் கட்டிய நூல் அழுக்கேறிக் கறுத்திருந்தது. அதைப் பல்லால் கடித்து அறுத்தா. அது மாமி கேட்ட மன்னிப்பு என்று விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. அந்த நேரம், பல் கையில் பட்டு நோகிறதே என்றுதான் நினைத்தேன்.

விடிய நான் படலையில் நின்றேன். ஐயா வந்தார், என்னைப் பார்த்தார், போனார்.

அன்றைக்கு மீன் மலையாக விழுந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். விழவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு போன வள்ளம் அரை உமல் சூடை மீனோடு திரும்பி வந்தது. பூனைக்குக் காணும் என்று கரையில் யாரோ பகிடி விட்டார்கள். மாமி எங்கள் முற்றத்தில் வந்து நின்றா. வாய் மட்டும் அசைந்தது. நான் குசினிக் கதவைப் பார்த்தேன். கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

ஐயா காலைக் கழுவிக்கொண்டே, அம்மாவிடம் சொல்வது போல உரத்துச் சொன்னார். "கடலிலை மீன் இல்லாட்டி வலையிலை வராது. நாளைக்கும் பிள்ளை நிப்பாள்."

நாளைக்கும் என்ற அந்தச் சொல்லை நான் எத்தனை தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேனோ தெரியாது. நல்ல மீன்பாடு கிடைத்து, அதனால் அவர் கூப்பிட்டிருந்தால், மீன்பாடு இல்லாத அடுத்த நாளே நான் திரும்பக் கதவுக்குப் பின்னால் போயிருப்பேன். வெறும் வலைக்குப் பிறகும் கூப்பிட்டார். அதில்தான் என் பயம் எல்லாம் முடிந்தது.

அடுத்த நாள் அவர் என்னைப் படலையில் நிற்கவிடவில்லை. கடற்கரைக்கே கூட்டிக்கொண்டு போனார். கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. மணல் காலுக்குக் குளிர்ந்தது. வள்ளத்துக்கும் ஒழுங்கைக்கும் நடுவில் என்னை நிறுத்தினார். கூடப்போகிற இரண்டு பேரும் ஒழுங்கை வாயில் தலை காட்டினார்கள். என்னைக் கண்டதும் நின்றார்கள். வேலிக்குப் பின்னால் சுற்றி, மீன் வாடிப் பக்கத்தால் வள்ளத்துக்குப் போகப் பார்த்தார்கள்.

நான் போய்விடவா என்று ஐயாவைப் பார்த்தேன். அவர் வள்ளத்தில் சாய்ந்து, வளைந்த காலை நீட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் வெற்றிலையை மடித்தார்.

"நில் பிள்ளை. இதாலை வருவினம். நான் இல்லாமல் வள்ளம் போகாது."

வந்தார்கள். வேறு வழியில்லை. முன்னால் வயதானவர், பின்னால் இளந்தாரி. நான் சிலேட்டு இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன். பிறகு முகத்தை உயர்த்தினேன். ஏழு மாதத்தில் முதல்தடவையாகக் கடலுக்குப் போகிற ஒரு பிற ஆளின் முகத்தை நேரே பார்த்தேன். வயதானவருக்கு மேலுதட்டில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. அவர் கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு கடந்து போனார். இளந்தாரிக்கு அப்போதுதான் மீசை முளைக்கத் தொடங்கியிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவ்வளவு பெரிய ஆள், இந்தச் சின்னப் பெட்டைக்குப் பயந்து. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. நான் சிரித்ததைக் கண்டு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"போட்டு வாறம் பிள்ளை" என்றார்.

"ஓம், போட்டு வாங்கோ" என்றேன்.

பருமல் ஏறியது. பாய் காற்றைப் பிடித்தது. வள்ளம் புள்ளியாகும் மட்டும் நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.